வெளுத்த இருட்டு

அத்தியாயம் 9

உட்காரச் சொன்ன நாற்காலியில் அண்ணி உட்காரவில்லை. அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஒரு வருடமாகவே இப்படித்தான். வீட்டில் சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துவிடுகிறாள். உட்கார்ந்தால் எதிர் நாற்காலி காலியாக இருப்பது கண்ணில் படும்.

"தரை தேயுது அண்ணி. அதுக்கும் சேர்த்து ஒரு புகார் எழுதிடப் போறாங்க," என்றான் வால்.

வால் அவள் கணவனின் தம்பி. யாரையாவது பின்தொடரச் சொன்னால் ஒட்டிக்கொண்டே போவான் என்பதால் அண்ணன் வைத்த பெயர். அண்ணன் தொடங்கிய துப்பறியும் அலுவலகத்தை, அண்ணன் போன பிறகு இவர்கள் இருவரும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். இவன் வாய்க்கு வாய் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்கு கொண்டுவரும் கட்சிக்காரர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். தலை நரைத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வந்திருக்கும் வழக்கு சின்னது. அளவில் மிகவும் சின்னது. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கண்ணாடிச் சில்லு காணாமல் போய்விட்டது என்கிறார்கள். அதற்குள் முடியை நெடுக்காகப் பிளந்ததுபோல ஒரு மெல்லிய ஒளித்தடம் ஓடுகிறது. கம்பியில் மின்சாரம் போவதைப்போல அதில் ஒளி போகும். அந்தச் சில்லில் ஒளி ஏறக்குறைய வீணாகாமல் கடைசிவரை போகிறது என்று இந்த நிறுவனம் ஊரெல்லாம் சொல்லிவிட்டது. வாங்க வந்தவர்கள் தங்கள் கேமராவைக் கொண்டுவந்து சோதித்தார்கள். ஒளி போகிற வழியிலேயே பாதிக்கு மேல் செத்துப்போனது. இது அந்தச் சில்லே இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள் என்றார், முதலில் அளந்தவர். சில்லை வைத்திருக்கும் பெட்டிச் சாவி யாரிடம் என்று தேடினார்கள். இதோ, நாற்காலியைக் காட்டிவிட்டுக் கைகளைப் பிசைந்துகொண்டு நிற்கும் இந்தப் பெண்ணிடம் இருந்தது.

அவளை இங்கே எல்லோரும் சின்னவள் என்பார்கள். அளந்தவர் அவளுடைய அக்காவின் கணவர். மச்சினியைக் காப்பாற்றுங்கள் என்று நேற்று அண்ணியின் அலுவலகத்துக்கு ஓடிவந்தவரும் அவர்தான். நிறுவனத்தின் டைரக்டர் வெளியே போயிருக்கிறார். சாயங்காலம் திரும்பியதும் போலீசுக்குப் புகார் போகிறது.

"நீ எதுக்காகச் சில்லை மாத்தணும்? அதுக்கு ஒரு காரணம் சொல்லியிருப்பாங்களே," என்றாள் அண்ணி, நடப்பதை நிறுத்தாமல்.

"என் கணக்கு ஜெயிக்கணும்னு மாத்தினேனாம்."

"புரியுற மாதிரி சொல்லும்மா. இவன் பத்தாவதுல கணக்குல பெயில்."

"பெயில் இல்லை அண்ணி. கணக்கு என்னைப் புரிஞ்சுக்கலை," என்றான் வால்.

சின்னவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "தடத்தோட பக்கச் சுவரு வழவழன்னு இருக்காது. வெட்டும்போது மேடு பள்ளம் விழுந்துடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, ஒளிக்குத் தெரியும். ஒவ்வொரு மேட்டுலயும் இடிச்சுக் கொஞ்சம் வெளிய சிதறிடும்."

"எங்க தெருவுல தண்ணி லாரி போற மாதிரி. குழிக்குக் குழி சிந்தும்."

"அதேதான். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு சிந்தாது. மிச்சம் இருக்கிறதுல ஒரு பங்குதான் போகும். நிறைய இருந்தா நிறைய, கொஞ்சமா இருந்தா கொஞ்சம். மேடு எவ்வளவு உயரம், ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் எவ்வளவு தூரம், இந்த ரெண்டையும் குடுத்தா மொத்தம் எவ்வளவு வீணாகும்னு என் கணக்கு சொல்லும்."

"என்ன சொல்லிச்சு?"

"கடைசிக்குப் போறதுக்குள்ள பாதிக்கு மேல போயிடும்னு. அத்தான் அளந்தா ஒண்ணுமே போகலை. எல்லாரும் சேர்ந்து கேக் வெட்டினாங்க. உன் கணக்கைத் தூக்கிக் குப்பையில போடுன்னு எனக்கும் ஒரு துண்டு குடுத்தாங்க." சற்று நிறுத்தினாள். "கேக் நல்லாத்தான் இருந்துச்சு."

"அத்தான் அளந்த படத்தை நீ பார்த்தியா?"

"எங்ககிட்டப் படம் வராதுங்க. அளக்கிறவங்க இருட்டறையில இருப்பாங்க, கணக்குப் போடுறவங்க இங்க இருப்போம். நடுவுல ஒரு எண் மட்டும் வரும். இங்க எப்பவும் அப்படித்தான்."

அண்ணி சன்னலருகே நின்றாள். "இன்னொண்ணு கேக்கறேன். ரெண்டு சில்லுல ஒரே மாதிரி மேடு பள்ளம் இருக்குமா?"

"ஒரே தகட்டுல பக்கத்துப் பக்கத்துல வெட்டினாலும் இருக்காது. மொத்தத்துல ஒரே அளவு சொரசொரப்பு இருக்கலாம். எந்த மேடு எந்த இடத்துலங்கிறது அததோட தலையெழுத்து."

வாங்க வந்தவர்கள் எடுத்த படம் சின்னவளின் கைபேசியில் இருந்தது. குற்றச்சாட்டோடு அனுப்பியிருந்தார்கள். கறுப்பில் ஒரு வெள்ளைக் கோடு. வலக்கோடியில் பளிச்சென்று தொடங்கி, இடக்கோடிக்கு வருவதற்குள் ஈரத்துணியால் துடைத்ததுபோல மங்கிப்போயிருந்தது. கோட்டின் மேல் அங்கங்கே புள்ளிகள், ஒளி மேட்டில் இடித்துச் சிதறிய இடங்கள். வால் தன் கைபேசிக்கு அதை வாங்கிக்கொண்டான்.

"புகார் போயிட்டா இந்தத் தொழில்ல எனக்கு இன்னொரு கதவு திறக்காதுங்க," என்றாள் சின்னவள். "இந்தக் கணக்குப் போடுறவங்க எல்லாரையும் ஒரே பஸ்ஸுல ஏத்திடலாம். திருடின்னு ஒருத்தர் சொன்னா நாளைக்கே பஸ் முழுக்கத் தெரிஞ்சிடும். அதுகூடப் பரவாயில்லை. அக்கா வீட்டுலதான் தங்கியிருக்கேன். இது நடந்ததுலேருந்து அக்கா என் முகத்தைப் பார்த்துப் பேசறதே இல்லை. தட்டை வச்சுட்டு உள்ள போயிடறா. அவளே நம்பலைன்னா..."

அண்ணி மேலே எதுவும் கேட்கவில்லை. யாரும் எதுவும் சொல்லாமல் இருப்பது சில நேரம் எவ்வளவு உதவி என்று அவள் இந்த ஒரு வருடத்தில் கற்றிருந்தாள்.

வரவேற்பறையில் ஒரு சோபா, ஒரு மேசை, ஒரு வரவேற்பாளர். சோபாவுக்கு மேலே, அதைவிட நீளமான ஒரு படம். கறுப்புப் பின்னணியில் ஓரம் முதல் ஓரம் வரை ஒரே பிரகாசத்தோடு, அங்கங்கே புள்ளிகளோடு ஓடும் ஒரு வெள்ளைக் கோடு. படத்துக்கு மேலே சுவரில் நிறுவனத்தின் பெயரைப் பித்தளை எழுத்தில் பதித்திருந்தார்கள்.

அண்ணி அதன் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். திடீரென்று நின்றாள்.

"இது என்ன படம்மா?"

"அதாங்க அந்தச் சில்லு," என்றார் வரவேற்பாளர். "நம்ம அளவுக்காரர் எடுத்தது. டைரக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். பெருசாப் போட்டு மாட்டச் சொல்லிட்டார்."

"இதை யாராவது கிட்ட வந்து பார்ப்பாங்களா?"

"சோபாவுல உட்காருறவங்களுக்கு அது முதுகுப் பக்கம். நிக்கிறவங்க கடிகாரத்தைப் பார்ப்பாங்க."

"வாலு, போனைக் கொடு."

வால் கைபேசியைத் தலைகீழாக நீட்டினான். "இந்தாங்க. எப்படிப் பிடிச்சாலும் எனக்கு இது ஒரே மாதிரிதான் தெரியுது. குச்சியில எறும்பு."

அண்ணி அதைத் திருப்பப் போனாள். பாதியில் கை நின்றது. தலைகீழாகவே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சுவரில் இடப்பக்கம் ஒட்டிய இரட்டைப் புள்ளி. கைபேசியிலும் இடப்பக்கம் ஒட்டிய இரட்டைப் புள்ளி. சுவரில் ஓர் இடைவெளி விட்டுக் கொழுத்த ஒற்றைப் புள்ளி. கைபேசியிலும். பிறகு வரிசையாக மூன்று. அவளுடைய விரல் கைபேசித் திரையில் நகர்ந்தது. மங்கலாக, கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும்படி, வரிசையாக மூன்று.

"இந்தப் படத்தை மாட்டினது யாரும்மா?"

"பிரேம் போடுற கடைப் பையங்க. மேல எது, கீழ எதுன்னு எங்கிட்டக் கேட்டாங்க. எனக்கு என்ன தெரியும்? கொக்கி இருக்கிற பக்கம் மேலன்னு சொல்லிட்டேன்."

வால் கைபேசியையும் சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்தது. "அண்ணி, அப்போ அதுவும் இதுவும்..."

"ஒண்ணுதான். இதைத் தலைகீழா மாட்டிட்டாங்க."

"சில்லை யாரும் மாத்தலை?"

"மாத்தலை."

"திருட்டே நடக்கலை?"

"நடக்கலை."

"அப்போ சுவத்துல மட்டும் ஒளி ஏன் குறையவே இல்லை? ஒரே ஆளு காலையில குண்டாவும் சாயங்காலம் ஒல்லியாவுமா இருப்பாரு?"

அண்ணி படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். இந்த முறை கோட்டைப் பார்க்கவில்லை. கோட்டைச் சுற்றியிருந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இடக்கோடியில் அது மை போல இருந்தது. நடுவில் தண்ணீர் கலந்த மை. வலக்கோடியில் சாம்பல்.

"வெயில் பட்டு வெளுத்திருக்குங்க," என்றார் வரவேற்பாளர். "பிரிண்ட் சரியில்லைன்னு டைரக்டர்கூடச் சொன்னார்."

வால் சன்னலைப் பார்த்தான். அது இடப்பக்கம் இருந்தது. "இங்க வெயிலுக்கே ஏதோ கோளாறு அண்ணி. வெயில் படுற பக்கம் கறுப்பா இருக்கு. நிழல்ல இருக்கிற பக்கம் வெளுத்திருக்கு."

அண்ணி அந்தச் சாம்பலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு அந்த நிறம் தெரியும். வீட்டில் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவைத்திருக்கும் ஒரு படத்தில் அது இருக்கிறது. ஆஸ்பத்திரி அறை, விளக்கை அணைத்துவிட்டு அவள் கணவர் தூங்கிக்கொண்டிருந்தபோது எடுத்தது. அறைக்குள் இருந்த வெளிச்சமெல்லாம் கதவிடுக்கில் வந்த ஒரு கீற்றுதான். கைபேசி தானாகவே எல்லாவற்றையும் தூக்கிக் காட்டிவிட்டது. அவர் முகம் துல்லியமாகத் தெரிந்தது. கூடவே, கறுப்பாக இருந்த சுவரெல்லாம் சாம்பல் பூத்துவிட்டது. எடுத்தது வால். அதுதான் கடைசிப் படம் என்று எடுத்தபோது இருவருக்கும் தெரியாது.

"இந்தக் கறுப்பைப் பாரு தம்பி," என்றாள்.

வால் பார்த்தான். அவனுக்கும் அந்தப் படம் நினைவுக்கு வந்துவிட்டது. வாயில் வந்த எதையோ விழுங்கிக்கொண்டான்.

"வெளிச்சம் குறையக் குறைய கேமரா தானாத் தூக்கிக் காட்டியிருக்கு," என்றான் பிறகு, மெதுவாக. "எது ஒளி, எது இருட்டுன்னு அதுக்குத் தெரியாது. ரெண்டையும் சேர்த்துத் தூக்கிடுச்சு."

"வா. அந்தப் பொண்ணையும் கூப்பிடு. இருட்டறைக்குப் போகணும்."

இருட்டறையில் திரையின் வெளிச்சம் மட்டும் இருந்தது. அளவுக்காரர், சின்னவளின் அத்தான், நல்ல உயரம். கூரை தாழ்வானது என்பதால் எப்போதும் தலையைக் குனிந்தே பழகியவர். இவர்களைக் கண்டதும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"ஏதாவது தெரிஞ்சுதா அண்ணி? வெளி ஆளு யாராவது?"

"எப்படி அளப்பீங்கன்னு ஒரு தடவை காட்டுங்க. பெட்டியில இருக்கிற அதே சில்லுலயே காட்டுங்க."

"அது போலிங்க. அதை வச்சு என்ன பண்றது?"

"எனக்கு அசலும் போலியும் ஒண்ணுதான். வேடிக்கை பார்க்கத்தானே வந்தேன்."

அவர் சில்லை மேடையில் வைத்தார். ஒரு முனையில் ஒளியைச் செலுத்தினார். சில்லு நீளம், கேமராவின் பார்வை குட்டை. அதனால் கேமராவைத் துண்டு துண்டாக நகர்த்திப் படம் எடுத்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒட்டவேண்டும் என்று விளக்கினார். பேசிக்கொண்டே இடது கை கேமராவின் பக்கவாட்டில் போய் ஒரு பொத்தானை அமுக்கியது.

"அது என்ன பொத்தான்?"

"எது? ஒண்ணும் இல்லைங்க. வழக்கமா அமுக்கிறதுதான்."

"அதை மறுபடி அமுக்கி, முன்னாடி இருந்த மாதிரி வச்சுட்டு நகர்த்துங்க."

அவர் கை அசையவில்லை. திரையில் கோட்டின் தொடக்கம் மட்டும் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"தானா வெளிச்சத்தைக் கூட்டுற பொத்தான் அது," என்றாள் சின்னவள், கதவருகிலிருந்து. அவள் குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு வரியைச் சரிபார்க்கும் குரல். "அது போட்டிருந்தா ஒவ்வொரு துண்டும் ஒரே பிரகாசமா வரும். ஒட்டினா ஒளி குறையவே குறையாது. அன்னைக்கு நீங்க அதை அணைக்கலை."

"மறந்துட்டேன்மா." அளவுக்காரர் நாற்காலியில் சரிந்தார். "சத்தியமா மறந்துதான் போச்சு. அதுக்கு முன்னாடி நாள் வேற யாரோ போட்டு வச்சிருந்தாங்க, நான் பார்க்கலை. வாங்க வந்தவங்க படத்தைக் காட்டினப்பதான் உறைச்சுது. டைரக்டர் என் முகத்தைப் பார்த்தார். சுவத்துல மாட்டியாச்சு, ஊரெல்லாம் சொல்லியாச்சு. இது அந்தச் சில்லு இல்லைன்னு வாயில வந்துடுச்சு. அடுத்த நிமிஷமே சாவி யார்கிட்டன்னு கேட்டுட்டார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள எல்லாம் கையை மீறிப் போயிடுச்சு."

"திறந்திருக்கலாமே," என்றாள் சின்னவள்.

வால் தலையைச் சொறிந்தான். "எங்களுக்கு எத்தனையோ கட்சிக்காரங்க வந்திருக்காங்க சார். பொண்டாட்டியைப் பிடி, பங்காளியைப் பிடின்னு வருவாங்க. ஆளு வச்சுத் தன்னையே பிடிக்கச் சொன்ன முதல் ஆளு நீங்கதான்."

"எதுக்கு எங்ககிட்ட வந்தீங்க?" என்று கேட்டாள் அண்ணி. "பேசாம இருந்திருந்தா இது இவ தலையிலயே முடிஞ்சிருக்கும்."

அளவுக்காரர் தரையைப் பார்த்தபடி பேசினார். "வீட்டுல சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரியே அவகிட்டச் சொல்லிட்டேன். ஒண்ணு நீங்களே போய்ச் சொல்லுங்க, இல்லைன்னா சொல்ல வைக்கிற ஆளைக் கூட்டிட்டு வாங்க, ரெண்டும் இல்லைன்னா நானே வந்து சொல்லுவேன்னு சொல்லிட்டா. ரெண்டாவதுதான் எனக்குச் சுலபமா இருந்துச்சு."

சின்னவள் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அக்காவுக்குத் தெரியுமா?"

"உன்னைப் பார்த்தா வாயை விட்டுடுவேன்னு பயந்துதான் முகத்தைத் திருப்பிட்டிருக்கா. ராத்திரியெல்லாம் அழறா. உன்மேல சந்தேகம் இல்லைம்மா. என்மேலதான் அவளுக்குக் கோபம்."

அந்தப் பெண் சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தாள். இத்தனை நாள் அழாதவள் அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு. வால் தன் கைக்குட்டையை எடுத்துப் பார்த்தான். அது கொடுக்கும் நிலையில் இல்லை. திரும்பப் பைக்குள் திணித்தான்.

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"டைரக்டர்," என்றார் அளவுக்காரர். "அண்ணி, நீங்களே சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா கேட்பார். எனக்கு நாக்கு எழாது."

"கண்டுபிடிக்கிறது என் வேலை. அது முடிஞ்சாச்சு. சொல்றது உங்க வேலை."

"வேலை போயிடும்."

"போனாலும் போகும்," என்றாள் அண்ணி. ஆறுதலாக எதையாவது சேர்க்கலாமா என்று யோசித்தாள். பொய்யாக எதுவும் வரவில்லை. விட்டுவிட்டாள்.

டைரக்டர் உள்ளே வரும்போதே பேசிக்கொண்டு வந்தார். கையில் கைபேசி, முகத்தில் அவசரம். "துப்பறியும் ஆளுங்க வந்திருக்கீங்களாமே. சரி, திருடன் யாரு? ரெண்டு வார்த்தையில சொல்லுங்க, போலீஸ்ல காத்துட்டிருக்காங்க."

"திருட்டுப் போனாத்தானே சார் திருடன்?" என்றான் வால்.

"விளையாடறீங்களா?"

அண்ணி அளவுக்காரரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கட்டாயப்படுத்துவதுபோல ஆகிவிடும். திரையைப் பார்த்துக்கொண்டு, கால் மாற்றி, கால் மாற்றி நின்றாள். டைரக்டரின் கட்டைவிரல் கைபேசியின் மேல் போனது.

"சார்," என்றார் அளவுக்காரர்.

பிறகு எழுந்தார். தலை கூரையில் இடித்தது. அதைத் தடவிக்கூடப் பார்க்காமல் கேமராவிடம் போனார். "சில்லு மாறலை சார். இதுதான் அது. நான் தப்பா அளந்தேன். தப்புன்னு தெரிஞ்சும் வாயை மூடிட்டிருந்தேன். இந்தப் பொண்ணு பெட்டியைத் தொடவே இல்லை. பாருங்க." தானியங்கிப் பொத்தானைப் போட்டுக் கேமராவை நகர்த்தினார். கோடு பளிச்சென்று முனைவரை ஓடியது, பின்னணி மெல்ல மெல்லச் சாம்பலானது. பொத்தானை அணைத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து மறுபடி நகர்த்தினார். இந்த முறை இருட்டு இருட்டாகவே இருந்தது. கோடு மட்டும் துண்டுக்குத் துண்டு மெலிந்தது.

டைரக்டர் இரண்டையும் பார்த்தார். அவர் முகத்திலும் ஏதோ துண்டு துண்டாக இறங்கியது. கைபேசியில், "புகார் வேண்டாம். ஆமா, எங்க பக்கம்தான் தப்பு," என்று சொல்லி வைத்தார். அளவுக்காரரிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நாளைக்கு இருக்கும் என்பது அவர் தாடையிலேயே தெரிந்தது. சின்னவள் பக்கம் திரும்பினார்.

"உன்னோட அந்தக் கணக்கு... அது என்ன சொல்லிச்சுன்னு நான் கடைசிவரைக்கும் கேட்கவே இல்லை."

சின்னவள் கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்து திரைக்கு அருகில் வந்தாள். "பாதிக்கு மேல வீணாகும்னு சொல்லிச்சு சார். ஆனா..." நெற்றி சுருங்கியது. மங்கிக்கொண்டே போன கோட்டைக் கூர்ந்து பார்த்தாள். நடுவில் ஓரிடத்தில் அவள் பார்வை சிக்கிக்கொண்டது. தன்னைச் சுற்றி இத்தனை பேர் நிற்பதே அவளுக்கு மறந்துவிட்டதுபோல இருந்தது.

"ஆனா என்னம்மா?"

"இந்த இடத்துல என் கணக்கு சொல்றதைவிடக் குறைவாச் சிதறுது. நானும் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன்." திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் நீட்டினாள். "அத்தான், கேமராவை அப்படியே நிறுத்துங்க. நகர்த்தாதீங்க."

அளவுக்காரர் கையை நிறுத்தினார். மூச்சையும் சேர்த்து நிறுத்திவிட்டதுபோல நின்றார்.